முன்னாள் படைவீரர் உடல்நலத்தில் பெண்ணுக்கும் ஒரு கணக்கு

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம். ராணுவச் செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் வசித்துவரும் நான், நெடுங்காலமாக மனத்தில் சுமந்துவரும் ஒரு பொருளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். முன்னாள் படைவீரர்களின் உடல்நலம் பொதுமக்களின் உடல்நலத்திலிருந்து வேறுபடுகிறது. அந்த வேறுபாடு ஆண்களிடம் ஒரு விதமாகவும் பெண்களிடம் வேறு விதமாகவும் இருக்கிறது. இருபாலரையும் ஒரே கணக்கில் சேர்த்து எழுதினால் பெண்களின் துன்பம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இந்த ஒரு செய்தியை இன்று பலமுறை திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டாளத்துக்குப் போய்வந்தவர் ஒருவராவது இல்லாத ஊர் நம் பக்கத்தில் குறைவு. வங்கி வாசலில் துப்பாக்கியுடன் நிற்பவரும், ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குக் காவல் இருப்பவரும் பல இடங்களில் முன்னாள் படைவீரர்களாகவே இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "மிலிட்டரிக்காரர் உடம்பு, அதற்கென்ன குறை" என்பார் ஒருவர். "பட்டாளம் அவரை உருக்கி அனுப்பிவிட்டது" என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான், ஆனால் ஒரே வயதில் உண்மையல்ல.

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் திடலை நினைத்துப் பாருங்கள். 1,600 மீட்டர் தூரத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடிப்பவருக்கே முழு மதிப்பெண் கிடைக்கிறது. மூச்சை இழுத்தால் மார்பு 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். அதன் பிறகு மனநிலை, காது, கை கால், உள்ளுறுப்புகள், கண் என ஒவ்வொன்றாகப் பார்த்து, குறையில்லாதவருக்கு 'ஷேப் ஒன்' என்ற தரத்தைக் கொடுக்கிறார்கள். ஆகவே படையில் சேரும் நாளிலேயே அவர் ஊரின் சராசரி இளைஞரைவிட நலமானவர். விதைக்கென்று பொறுக்கியெடுத்த நெல்லைக் களத்துமேட்டுக் குவியலோடு ஒப்பிட்டுவிட்டு, மூட்டையில் கட்டி வைத்ததால்தான் அது திரட்சியாக இருக்கிறது என்று சொன்னால் எந்த விவசாயியும் ஒப்புக்கொள்ள மாட்டார். படைவீரரையும் பொதுமக்களையும் ஒப்பிடும்போது மட்டும் இந்தப் பிழையை நாம் எளிதில் செய்துவிடுகிறோம். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுத் துறையில் புள்ளிவிவரப் பொறுப்பில் இருந்த மருத்துவர் வில்லியம் ஓகிள், வலிமை தேவைப்படும் தொழில்களில் நலிந்தவர்கள் சேர்வதில்லை, சேர்ந்தாலும் நிலைப்பதில்லை, அதனால் அத்தொழில்களின் இறப்புக் கணக்கு உள்ளதைவிட நல்லதாகத் தோன்றுகிறது என்பதை 1885ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இந்த முன்னிலை நிலைத்து நிற்பதில்லை. நம் நாட்டில் 2022க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு ஆண்டுப் பணி முடித்து நாற்பது வயதுக்கு முன்பே ஊர் திரும்பிவிடுகிறார். காலை ஓட்டம் நின்றுபோகிறது, ஓடிய காலத்துப் பசி மட்டும் நிற்பதில்லை. சுமை தூக்கிய முழங்காலும் முதுகும் ஐம்பதை எட்டும்போது வலிக்கத் தொடங்குகின்றன. பீரங்கிக்கு அருகில் நின்ற காதில் ஓயாத இரைச்சல் குடியேறுகிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் குறைபாடுகளில் முதலிடத்தில் இருப்பது இந்தக் காது இரைச்சல்தான். பழக்கங்களும் பணிக்காலத்திலேயே வந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்த நாட்டுப் படையில் உணவுப் பொட்டலத்தோடு சிகரெட்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் 1975 வரை இருந்தது. நம் ராணுவக் கேண்டீனில் கிடைக்கும் மதுக் கோட்டாவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அது வீட்டிலுள்ள பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

இது ஆண்களின் கதை. பெண்களின் கதை வேறு என்பதற்கு அமெரிக்கக் கணக்குகள் தெளிவான சான்று தருகின்றன. அங்கே முன்னாள் படைவீரர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் பெண். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்ற நோயை எடுத்துக்கொள்வோம். வாழ்நாளில் அதற்கு ஆளாவோர், பொதுமக்களில் ஆண்கள் 100 பேருக்கு 4, பெண்கள் 100 பேருக்கு 8. முன்னாள் படைவீரர்களில் ஆண்கள் 100 பேருக்கு 6, பெண்கள் 100 பேருக்கு 13. மீண்டும் சொல்கிறேன், குறித்துக்கொள்ள வசதியாக இருக்கும்: ஆண்களில் 4 என்பது 6 ஆகிறது, பெண்களில் 8 என்பது 13 ஆகிறது. இருபாலரையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் முன்னாள் படைவீரர் 100 பேருக்கு 7 என்று வரும். பத்தில் ஒன்பது பேர் ஆண்களாக இருப்பதால் அந்த 7 ஆண்களின் எண்ணை ஒட்டியே நிற்கும். பெண்களின் 13 அதற்குள் கரைந்துவிடும்.

தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வோரின் கணக்கிலும் இதே நிலைதான். 2017ஆம் ஆண்டில், வயது வேறுபாட்டைச் சரிசெய்த பிறகும், முன்னாள் படைவீரரான ஆண்களின் விகிதம் மற்ற ஆண்களைவிட 1.3 மடங்காகவும், முன்னாள் படைவீரரான பெண்களின் விகிதம் மற்ற பெண்களைவிட 2.2 மடங்காகவும் இருந்தது. வயதைச் சரிசெய்வது இங்கே மிக முக்கியம். அங்கே படையிலிருந்து வெளிவந்த பெண்கள் வெளிவந்த ஆண்களைவிடப் பொதுவாக இளையவர்கள். வயதைப் பாராமல் ஒப்பிட்டால், இளமையின் நலத்தைப் படைப்பணியின் நலமென்று நினைத்துவிடுவோம்.

காரணங்களில் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான அந்நாட்டு மருத்துவமனைகளில் விசாரித்தபோது, பணிக்காலத்தில் பாலியல் வன்முறைக்கோ தொல்லைக்கோ உள்ளானதாகச் சொன்ன பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஆண்கள் ஐம்பதில் ஒருவர். எதிரியால் வராமல், உடனிருந்தவர்களாலேயே வந்த காயம் அது.

உடலின் அமைப்பும் ஒரு காரணம். அடிப்படைப் பயிற்சியில் எலும்பில் மெல்லிய விரிசல் விழுவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பதைப் பல நாட்டுப் படைகள் பதிவு செய்திருக்கின்றன. ஆணின் காலடிக்கு ஈடாகத் தன் காலடியை நீட்டி வைத்து நாள்தோறும் நடக்கும் உயரம் குறைந்த பெண்ணின் இடுப்பெலும்பு அந்த அழுத்தத்தை வாங்குகிறது. ஆணின் முதுகுக்கு அளவெடுத்துத் தைத்த சுமைப்பையும் அவள் தோளில் சரியாகப் பொருந்துவதில்லை. பணி முடிந்து பல ஆண்டுகள் கழித்து வரும் இடுப்பு வலிக்கு இவையெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று எந்த மருத்துவர் கேட்கிறார்?

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். செட்டிநாட்டில் கொண்டு விற்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன கதை தெரியாத வீடு இல்லை. அதே மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் பலர், 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி அந்தப் படைக்குத் தலைமை ஏற்றார். அதுவரை துப்பாக்கியைத் தொட்டறியாத பெண்கள் சீருடை அணிந்து பயிற்சி பெற்றார்கள். பலர் பர்மாவுக்குச் சென்றார்கள். காயம்பட்டவர்களுக்குச் செவிலியராகவும் பணிபுரிந்தார்கள். 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, குண்டு வீச்சுக்கு இடையில், பெரும்பாலும் இரவில், பல நாட்கள் நடந்தே பாங்காக் நோக்கிச் சென்ற பெண்களும் அவர்களில் உண்டு. லட்சுமி பர்மாவில் பிடிபட்டு 1946இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். பிறகு கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளிகளைச் சந்தித்து, 2012இல் தம் 97ஆம் வயதில் காலமானார். படைப்பணி பெண்ணின் உடலைக் கெடுப்பதில்லை என்பதற்கு அவரையே சான்றாகச் சிலர் காட்டுகிறார்கள். அவரை நான் போற்றுகிறேன்; ஆனால் ஒருவரை வைத்து அந்தக் கணக்கைப் போட முடியாது. படித்த குடும்பத்தில் பிறந்த மருத்துவர் அவர். அவரோடு நின்ற தோட்டத் தொழிலாளப் பெண்களில் எத்தனை பேர் காய்ச்சலோடு திரும்பினார்கள், எத்தனை பேரின் தூக்கம் கெட்டது, யாருக்குப் பிரசவம் கடினமாயிற்று என்பதைப் படைவீரர் என்ற முறையில் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. படை கலைந்ததும் அவர்கள் மீண்டும் தோட்டத் தொழிலாளர்களாகவும் தாய்மார்களாகவும் ஆனார்கள். கேட்டு எழுதியிருந்தால் தமிழ்ப் பெண்களைப் பற்றி எவ்வளவு அரிய செய்திகள் நம்மிடம் இருந்திருக்கும்!

எழுதி வைக்காத வழக்கம் இன்னும் மாறவில்லை. 1888இல் முதல் ராணுவச் செவிலியர்கள் பம்பாயில் வந்து இறங்கியதிலிருந்து நம் நாட்டுப் படை மருத்துவமனைகளில் பெண்கள் பணிபுரிகிறார்கள். செவிலியர், மருத்துவர் தவிர்த்த பிற பிரிவுகளில் 1992 முதல் பெண் அதிகாரிகள் இருக்கிறார்கள். ராணுவக் காவல் பிரிவில் பெண் சிப்பாய்களின் முதல் அணி 2021இல் பயிற்சி முடித்தது. இத்தனைக்குப் பிறகும் முன்னாள் படைவீரர் மருத்துவக் கூடம் ஒன்றில் நான் வரிசையில் நின்றபோது, "அம்மா, சாரோட சர்வீஸ் நம்பர் சொல்லுங்க" என்றார் பதிவு மேசையில் இருந்தவர். "நம்பர் என்னுடையதுதான், தம்பி" என்றேன். அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்; ஆனால் அன்று அவர் எழுதிய பதிவேட்டில் நான் மனைவியர் பகுதியில் இருந்தேன், பெயர் திருத்தப்பட்டதே தவிரப் பகுதி மாற்றப்படவில்லை. என் ரத்த அழுத்தமும் மூட்டு வலியும், படையில் ஒரு நாளும் நிற்காத பெண்களின் கணக்கில் சேர்ந்துவிட்டன. இப்படிச் சேர்ந்த பதிவுகளிலிருந்து நாளை ஓர் ஆய்வாளர் எந்த உண்மையைக் கண்டுபிடிப்பார்?

அமெரிக்க எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே படையிலிருந்து வந்த பெண்கள் மற்ற பெண்களைவிட அதிகம் புகைப்பதாகக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. இங்கே பெண்களின் பழக்கங்கள் வேறு. நம் தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி மது அருந்தும் ஆண்கள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஒப்பிடும் தரையே வேறாக இருப்பதால் நம் பெண்களை நாமேதான் கணக்கெடுக்க வேண்டும்.

மாதவிடாய் நின்ற பிறகான எலும்புத் தேய்மானத்தைப் பற்றியும், கணவர் எல்லையில் இருந்த காலமெல்லாம் தனியே குடும்பம் நடத்திய மனைவியரின் உடல்நலத்தைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள், நேரம் மிகக் குறைவாக இருக்கிறது. நான்காண்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணிகளில் பெண்களும் இருக்கிறார்கள். நான்காண்டு முடிந்து வெளிவருவோருக்கு ஓய்வூதியமோ முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமோ கிடையாது. ஆகவே உங்கள் வீட்டுப் பெண் பணி முடிந்து வரும்போது, வெளியேறும் நேரத்து மருத்துவப் பரிசோதனைத் தாள்களின் நகலைத் தவறாமல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பயிற்சியில் எலும்பு விரிசல் ஏற்பட்டிருந்தால் அது அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னாளில் எந்த மருத்துவரிடம் போனாலும், கேட்காவிட்டாலும், படையில் இருந்ததை முதலில் சொல்லச் சொல்லுங்கள். தூக்கமின்மை, மனக் கலக்கம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எது இருந்தாலும், ஆணோ பெண்ணோ, எந்த நேரமும் தமிழில் பேசக்கூடிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவசத் தொலைபேசி எண் 14416. மறுபடியும் சொல்கிறேன்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. வணக்கம்.