பன்னிரண்டு மிளகாய்க் கன்றும் போனது, இப்போது ஆறு நிற்குது

வணக்கம், எல்லாரும் சுகமா? யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்று கதைக்கிறேன். பின்னால் இரைவது சோளகக் காற்று. மைக்குக்குத் துணி சுற்றியும் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கோ.

இந்த ஆறு வாளியிலும் நிற்பது மிளகாய். நாலு எம்.ஐ.2 என்கிற இனம், இரண்டு நைமிரிஸ் என்கிற கடும் உறைப்பு இனம். போன வருடம் ஆவணியில் இதே இடத்தில் பன்னிரண்டு கன்று வைத்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. கவனிக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். காலையும் பின்னேரமும் தண்ணீர், கிழமைக்கு ஒருக்கால் யூரியா. முழங்காலைத் தாண்டி வளர்ந்து, இலையெல்லாம் கரும்பச்சையாக நின்றது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கீரையோ போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார். பூவைத்தான் காணவில்லை. யூரியா கூடினால் செடி இலையைத்தான் தள்ளும். மாரி தொடங்க வேர் அழுகி ஒவ்வொன்றாகச் சரிந்தது.

அம்மப்பாவுக்குத்தான் பெரிய வெட்கம். 1970களில் வெளிநாட்டு மிளகாய் வருவதைக் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில், இந்தச் செம்மண்ணில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுத்தான் கனபேர் நிமிர்ந்தார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட விலை விழுந்தது. அந்தக் கதையை அவர் இப்பவும் நேற்று நடந்ததுபோலச் சொல்லுவார். அவருடைய பேரனுக்கு வாளியில் ஒரு கன்று தப்பவில்லை.

சரி, இந்த முறை தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினேன். விதையை ஓர் இரவு ஊறவைத்துப் போட்டேன். எம்.ஐ.2 எட்டாம் நாள் தலைகாட்டியது. நைமிரிஸ் மூன்று கிழமை எடுத்தது. பொறுக்க முடியாமல் மண்ணைக் கிண்டிப் பார்த்து இரண்டு முளையை முறித்தேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஐந்தாறு இலை வந்ததும் வெயில் தாழ்ந்த நேரமாகப் பார்த்து வாளிக்கு மாற்றினேன். செம்மண், மக்கின மாட்டெரு, கொஞ்சம் தும்புத்தூள், வாளி அடியில் ஐந்து ஓட்டை. அவ்வளவுதான்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். விரலை இரண்டாம் மடிப்பு வரைக்கும் மண்ணுக்குள் விடுவேன். நுனியில் ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டியது. கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளை, வாளி விளிம்பிலும் படிந்திருக்கு, பாருங்கோ. சுண்ணாம்பு கூடினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணம். நான் யூரியாவை விட்டுவிட்டுக் கூட்டெரு போடுகிறேன். மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது.

இப்போது கமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன். இந்த இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு தோணி மாதிரி இருக்கு, இல்லையா? இது இலைப்பேனின் வேலை. அந்த வாளியில் நிற்பதைப் பாருங்கோ, தோணியைக் கவிழ்த்த மாதிரி கீழ்நோக்கி மடிந்திருக்கு. அது சிற்றுண்ணி. தோட்டக்காரர் இரண்டையும் குருமன் என்றுதான் சொல்லுவார்கள். இரண்டும் இலைக்கு அடியில்தான் குடியிருக்கும். மேலால் மருந்து அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்லக்கூடாது. வேப்பெண்ணெயில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் இலையைத் திருப்பிப் பிடித்து அடிக்கிறேன். முதுகு நோகும், உண்மைதான்.

பூ கொட்டுகிறது என்று பயப்படாதீர்கள். வெக்கை கூடினால் மிளகாய் பூவை உதிர்க்கும். உச்சி வெயிலுக்குப் பழைய சாரம் ஒன்றை மேலே கட்டிவிட்டேன், இப்போது நிற்குது.

இந்த நைமிரிஸை வெட்டிக் காட்டுகிறேன். உறைப்பு விதையில் இருக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உள்ளே விதை ஒட்டியிருக்கிற இந்த வெள்ளைச் சதை தெரிகிறதா? உறைப்பு ஊறுவது அதில்தான். விதைக்கு அதிலிருந்துதான் ஒட்டுகிறது. நுனியில் ஒரு துண்டு கடிக்கிறேன்... பரவாயில்லை. காம்புப் பக்கம்... ஆ... பொறுங்கோ, மோர் குடித்துவிட்டு வருகிறேன். பச்சைத் தண்ணீர் குடித்தால் உறைப்பு வாயெல்லாம் பரவும், அதனால்தான் மோர்.

அப்புறம், முதலில் பழுத்த காயை நான் பறிக்கவில்லை, புலுனி கொண்டுபோனது. பறவைகளுக்கு உறைப்புத் தெரியாதாம். ஆளுக்குக் கண்ணீர் வருகிற காயை அது மாம்பழம் மாதிரிக் கொத்தித் தின்றது. பழைய நுளம்பு வலை ஒன்று தேடி எடுத்திருக்கிறேன். இருட்டுவதற்குள் அதைக் கட்டிவிட வேண்டும். வாறேன்.