றெபரி யாருடைய ஆள்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் குருநகரோ நாவாந்துறையோ இளவாலையோ, எந்த மைதானத்தில் உதைபந்தாட்டம் நடந்தாலும், தோற்ற பக்கம் வீடு திரும்பும்போது ஒரு கதை கட்டாயம் அடிபடும். "றெபரி அவையின்ர ஆள். அடுத்தமுறை வெளியில இருந்து ஒருத்தரைக் கூப்பிடுங்கோ."

கேட்பதில் தப்பில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கிலேயே மத்தியஸ்தர்கள் தாங்கள் எந்தக் கழகத்தின் ரசிகர் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மைக்கல் ஒலிவர் பெயர்பெற்ற மத்தியஸ்தர். ஆனால் அவர் நியூகாசில் ரசிகர் என்பதால் அந்த அணியின் லீக் ஆட்டங்களை அவருக்குக் கொடுப்பதில்லை. உலகக் கிண்ணத்திலும் விளையாடும் இரு நாட்டிலிருந்தும் றெபரி வரமாட்டார்.

காசு வாங்கிக்கொண்டு விசில் ஊதியவர்களும் உண்டு. ஜேர்மனியில் றொபேர்ட் ஹொய்ஸர் 2005இல் அகப்பட்டு, பிறகு சிறைக்கும் போனார். அது களவு. நான் பேச வந்தது நேர்மையான மனிதரைப் பற்றி. அவர் எந்த ஊரில் பிறந்தார் என்பதைவிட, அவர் காதில் என்ன விழுகிறது என்பதுதான் பெரிய விடயம் என்பது என் கட்சி.

இதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. என்னைத் தெரிந்தவர்கள் "திரும்பவும் லிவர்பூல் கதையா?" என்று சிரிப்பார்கள், பரவாயில்லை. லிவர்பூலின் சொந்த மைதானத்தில் லிவர்பூலுக்கும் லெஸ்டருக்கும் நடந்த ஆட்டம் ஒன்றின் ஒளிப்பதிவு. அதில் வீரர்கள் பந்துக்காக மோதிக்கொள்ளும் 47 இடங்களை எடுத்து, தகுதி பெற்ற 40 மத்தியஸ்தர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, மற்றப் பகுதியினருக்குச் சத்தமே இல்லாமல். படம் ஒன்றுதான், கேளுங்கள், படம் ஒன்றுதான். அறைக்குள் இருந்து பார்க்கிறார்கள். கல் எறியவோ, வெளியே வரும்போது வழிமறிக்கவோ யாரும் இல்லை. அப்படியிருந்தும், இரைச்சலைக் கேட்டவர்கள் லிவர்பூலுக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 வீதம் குறைவு. 2002இல் வெளியான ஆய்வு இது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வந்த அணிமேல் இல்லாத ஃபவுலை அவர்கள் அள்ளிக் கொட்டவில்லை. உள்ளூர் அணிக்கு எதிராக ஊத வேண்டிய இடத்தில் தயங்கினார்கள், அவ்வளவுதான். விசில் வாயில் இருக்கும், சத்தம் வராது. எங்கள் மைதானங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் மேலதிக நேரம், அதாவது ஆட்டத்தில் வீணான நேரத்துக்காக றெபரி கடைசியில் சேர்த்துக் கொடுக்கும் நிமிடங்கள். ஸ்பெயினில் 1990களின் லீக் ஆட்டங்களை வைத்து மூன்று பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். உள்ளூர் அணி ஒரு கோலால் முந்தி நின்றால் மேலதிகமாக ஏறத்தாழ 2 நிமிடம். அதே அணி ஒரு கோலால் பிந்தி நின்றால் ஏறத்தாழ 4 நிமிடம். இரண்டு, மூன்று கோல் வித்தியாசம் வந்து, முடிவு நிச்சயம் ஆகிவிட்டால் இந்தச் சலுகை காணாமல் போய்விடும். அந்த மத்தியஸ்தர்களைக் கேட்டிருந்தால், ஒருவர்கூட வேண்டுமென்று செய்ததாகச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஜேர்மனியில் இன்னொன்று கண்டார்கள். ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருந்து, சனம் தள்ளி இருக்கும் அரங்குகளில் இந்தச் சாய்வு குறைவு. எங்கள் ஊர்ப் போட்டிகளில் சனம் எங்கே நிற்கிறது? கோட்டிலேயே. லைன்ஸ்மன் ஓட இடமில்லாமல், "தம்பி, காலை எடு" என்று சொல்லிச் சொல்லித்தான் கொடி தூக்குகிறார். அப்படிப்பட்ட இடத்துக்கு மட்டக்களப்பிலிருந்து ஆளைக் கொண்டுவந்தால் என்ன, மன்னாரிலிருந்து கொண்டுவந்தால் என்ன? அவருக்கும் அதே இரைச்சல்தான்.

தயாரிப்பாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். வார் என்கிற காணொளி உதவியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்வதென்றால், 2018 உலகக் கிண்ணத்துக்கு அதைக் கொண்டுவந்தது கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுவது ஆகிய நாலுக்குத்தான். நடுக்களத்தில் ஊதாமல் விட்ட ஃபவுலுக்கும் மேலதிக நேரத்துக்கும் அது உதவாது. 2020இல் கொரோனாவால் வெறும் கதிரைகளுக்கு முன்னால் ஆடியபோது, வந்த அணிக்குக் கிடைக்கும் மஞ்சள் அட்டைகள் குறைந்ததையும் சொல்ல இருந்தேன். சரி, அது இன்னொரு நாளைக்கு.

போட்டி நடத்துகிற கழகத் தம்பிகளிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெளியூர் றெபரிக்கு வான் பிடிப்பதற்கு முதல், கோட்டைச் சுற்றிக் கட்டுகிற கயிற்றை நாலைந்து யார்ட் பின்னுக்குத் தள்ளிக் கட்டிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.