ஹாஸ்டல் கட்டில அரையடி தூக்கியாச்சு!

வணக்கம் மக்களே, எல்லாரும் சாப்பிட்டாச்சா? நான் மலேசியாவுல, கெடா மாநிலத்து பெடோங்ல, என் ஹாஸ்டல் ரூம்லேருந்து பேசுறேன். ஜன்னல் வழியா தெரியுது பாருங்க, அதான் ஜெராய் மலை. அந்தப் பக்கம் கறுத்துச்சுனா அரை மணி நேரத்துல இங்க மழை. இத ஏன் சொல்றேன்னா, இந்த ஈரத்துக்கும் இன்னைக்கு பேசப்போற விஷயத்துக்கும் சம்பந்தம் இருக்கு.

விஷயம் இந்தக் கட்டில்தான். கீழ இடைவெளி 23 செண்டிமீட்டர், என் பெட்டியோட தடிமன் 28. ஒரு செமஸ்டர் பூரா பெட்டி நடுரூம்ல நின்னுச்சு, தினமும் கால்ல இடிச்சுக்கிட்டே நடந்தேன்.

கட்டில உசத்த முதல்ல கால்களுக்கு அடியில செங்கல் வச்சேன். தயவுசெஞ்சு யாரும் அப்படி செய்யாதீங்க. ராத்திரி திரும்பிப் படுத்தேன், ஒரு கால் கல்ல விட்டு வழுக்கி, கட்டில் ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. அடி ஒண்ணும் படல, ஆனா அன்னைக்கு அதுக்கப்புறம் தூக்கமே வரல. செங்கல் மேல தட்டையா இருக்கு, இரும்புக் கால புடிச்சு வைக்க அதுல ஒண்ணும் இல்ல. கால் உக்கார ஒரு குழி வேணும், அதான் முக்கியம். கட்டில் காலுக்கு அடியில வைக்கன்னே கடையில விக்கிற பிளாஸ்டிக் ரைசர்லயும் அந்தக் குழி இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.

எனக்கு அப்பாவே செஞ்சு கொண்டு வந்தாரு. கேமராவ கீழ கொண்டு போறேன்... தெரியுதா? பால்மரக் கட்டை, அதாவது ரப்பர் மரம். 25, 30 வருசம் பால் வெட்டி முடிஞ்ச மரம். முன்னாடியெல்லாம் இத ரப்பர் ஷீட்டுக்கு புகை போட விறகா எரிச்சிருக்காங்க, இப்ப மேசை நாற்காலி செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. ஆனா மருந்து ஏத்தாத பச்சைக் கட்டைய எடுக்காதீங்க, பூச்சி அரிச்சிரும், பூஞ்சை புடிச்சிரும். இது ஃபர்னிச்சர் பட்டறையில மிஞ்சின, மருந்து ஏத்தின கட்டை.

கட்டையோட உயரம் 19 செண்டிமீட்டர், குழியோட ஆழம் 4, அப்ப கட்டில் 15 ஏறும். இப்ப கீழ 38 இருக்கு, பெட்டி சுலபமா போயிருச்சு. குழிக்குள்ள கறுப்பா இருக்கே, அது பழைய ஜப்பான் சிலிப்பர, அதான் ரப்பர் செருப்ப, வட்டமா வெட்டிப் போட்டது. அதனால கட்டிலோட இரும்புக் கால் மரத்த அறுக்காது, திரும்பிப் படுத்தா சத்தமும் வராது.

வார்டன்கிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன். மெத்தைய எடுத்துட்டு, ரெண்டு பேரா தூக்கணும். தனியா ஒரு பக்கமா தூக்கினா எதிர்ப்பக்கத்துக் கால் கட்டைய விட்டு எகிறிரும். ஒண்ணு மேல ஒண்ணா இருக்கிற மாடிக் கட்டில்னா தூக்கவே வேணாம். இன்னொண்ணு, ஃபேன். மெத்தை மேல நின்னு போர்வைய உதறினா கை ஃபேன் கிட்ட போச்சு, அதனால கட்டில செவுத்தோரமா தள்ளிட்டேன்.

கீழ அட்டைப்பெட்டி வேணாம். ஈரத்த உறிஞ்சும், கரப்பான் குடியேறும். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, செவுத்துலேருந்து ஒரு கையளவு தள்ளி வைங்க, காத்து போகட்டும். எக்ஸ்டென்ஷன் வயர கீழ துணியோட போட்டு வைக்கவே கூடாது, சூடாகி தீ புடிக்கலாம்.

கட்டையில பென்சில்ல 1, 2, 3, 4ன்னு இருக்கு பார்த்தீங்களா, அது அப்பா எழுத்து. இந்த ரூம் தரை வாசப்பக்கம் கொஞ்சம் சரிவு, அதனால 3ம் 4ம் ஒரு நூல் உசரமா செஞ்சிருக்காரு. நாலு மூலையிலயும் கைய வச்சு அழுத்திப் பார்த்துட்டு, கடைசியா அவரே ஏறி உக்காந்து பார்த்துட்டுத்தான் கிளம்பினாரு.