நீல டப்பாவில் இருந்த பத்திரம்: ஒருவழியாகப் பதிவு முடிந்தது!

வணக்கம் மக்களே, இன்றைக்குச் சமையலும் இல்லை, மாடித் தோட்டமும் இல்லை. கையில் என்ன தெரிகிறதா? செட்டில்மெண்ட் பத்திரம், அதாவது குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்! அம்மாவின் முடிச்சூர் மனை நேற்று என் பேருக்குப் பதிவாகிவிட்டது.

அந்த நீல டப்பா பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டு முழுகி, அம்மாவின் கிரயப் பத்திரம் ஊறிப்போய், காய்ந்ததும் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டது. பிரித்தால் மையோடு சேர்ந்து தாள் உரிகிறது. அதைத்தான் அந்த நீல டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

2022-இல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்று வந்தது. எழுதிக் கொடுப்பவர் மூல ஆவணத்தை, அதாவது தனக்குச் சொத்து வந்த அசல் பத்திரத்தைக் காட்ட வேண்டும், தொலைந்திருந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் சான்று வாங்கி, பேப்பரில் விளம்பரமும் கொடுக்க வேண்டும். சரி என்று ஸ்டேஷனுக்குப் போனால், "தொலையவே இல்லையே மேடம், கையில்தானே வச்சிருக்கீங்க" என்றார்கள். பதிவு அலுவலகத்தில் டப்பாவைத் திறந்தால், "ஒரு எழுத்துகூடத் தெரியலையே, சான்று வாங்கிட்டு வாங்க" என்றார்கள். இப்படியே ஏழு நடை!

விளம்பரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நாலு வரி, 4,200 ரூபாய். அதிலும் சர்வே எண்ணைத் தப்பாக அச்சடித்துவிட்டு, திருத்திப் போட மறுபடி 4,200 கேட்டார்கள். தப்பு அவர்களுடையது, காசு என்னுடையதா? அரை மணி நேரம் நின்று வாதாடியும் பைசா குறைக்கவில்லை. மொத்தம் 8,400! குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம்தான், அதைக் கட்ட எனக்கு வருத்தமே இல்லை, இந்த 8,400 தான் வயிற்றெரிச்சல்.

அப்புறம் 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 55-ஏ விதி 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். பதிவானதாலேயே உரிமை வந்துவிடாது என்பதையும் மறக்காதீர்கள்.

ஆள்மாறாட்டப் பதிவைத் தடுக்கத்தான் அந்த விதி, அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அம்மாவின் பத்திரம் அதே அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்களைப் பதிந்து வைக்கும் 1-ஆம் புத்தகத்தில் பதிவாகி இருக்கிறதே, அதை எடுத்துப் பார்த்தால் ஆகாதா? வெள்ளத்தில் எல்லாம் போனவர்களை ஏன் ஸ்டேஷன் வாசலில் நிறுத்த வேண்டும்?

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு, பதிவு அலுவலகம் கொடுக்கும் சான்றிட்ட நகலும் வில்லங்கச் சான்றும் முன்பே வாங்கி வைத்திருந்தேன், அதனால்தான் நேற்று சுருக்கமாக முடிந்தது. மூல ஆவணம் கட்டாயம் என்று மறுபடி சட்டத் திருத்த மசோதாவை 2025 ஏப்ரலிலேயே தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். பத்திரம் நனைந்தவர்கள், கிழிந்தவர்கள் இந்த வாரமே நகலுக்கு மனு போடுங்கள்.

டப்பாவைத் தூக்கிப் போடு என்கிறார் அம்மா. பட்டா மாறும் வரை பீரோ மேல்தட்டிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.