பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

(ஓட்டுநர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்த அவையில் பேசியது)

நண்பர்களே, வணக்கம்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பயிற்சி வண்டியில் ஏறியவர்களுக்குத் தெரியும், கற்றுக்கொள்கிறவரின் காலடியில் இருப்பதுபோலவே எங்கள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவர் தடுமாறினால் நான் மிதிப்பேன். எத்தனையோ முறை மிதித்திருக்கிறேன். அவர் உரிமம் வாங்கி, சொந்த வண்டியில் தனியாக ஏறிப் போகிற நாளில் எல்லோரும் வாழ்த்துவார்கள். எனக்கு மட்டும் வயிற்றில் ஒரு பயம் புரளும். இனி அவர் பக்கத்தில் அந்த இன்னொரு பிரேக் இல்லை.

அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். சாலைக்குப் போகும் முன் ஒரு ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2008 செப்டம்பர் 12. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் சாட்ஸ்வொர்த் என்ற பகுதி. மாலை நேரம், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பயணிகள் ரயில் போகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. ரயில் நிற்கவில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே வந்த சரக்கு ரயிலோடு மோதியது. 25 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். அந்த நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன காரணம், ரயிலை ஓட்டியவரின் கவனம் செல்போன் மெசேஜில் இருந்தது என்பதுதான். மோதலுக்கு 22 விநாடிகள் முன்புகூட அவர் போனிலிருந்து ஒரு மெசேஜ் போயிருக்கிறது. இறந்தவர்களில் அவரும் ஒருவர்.

யோசித்துப் பாருங்கள், ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது. இடது வலது திரும்ப வேண்டாம். குறுக்கே குழந்தை ஓடி வருமோ, முன்னால் போகிறவன் திடீரென்று நிற்பானோ என்று நிமிடத்துக்கு நிமிடம் பதற வேண்டாம். தண்டவாளமே வழி காட்டும், விளக்கைப் பார்த்தால் போதும். அந்த ஒரு வேலையைக்கூட, மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பழுத்த ஓட்டுநரால் செய்ய முடியவில்லை. சாலையில் ஓட்டுகிற நமக்கோ தண்டவாளமும் இல்லை. இருக்கிறது இரண்டு கண், ஒரு மனம். அதையும் எடுத்துக்கொண்டுபோய் உள்ளங்கையளவு திரையில் வைத்துவிட்டு, "ஒரு நொடிதானே" என்கிறோம்.

அந்த ஒரு நொடியை அளந்திருக்கிறார்கள். 2009-இல் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம், ஓடுகிற வண்டிகளுக்குள்ளேயே கேமரா வைத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டது. மெசேஜ் அடித்த கனரக வாகன ஓட்டுநரின் கண், ஆறு விநாடியில் சராசரியாக 4.6 விநாடி சாலையை விட்டு விலகியிருந்தது. மோதலோ, நூலிழையில் தப்பிய மோதலோ நிகழும் அபாயம் அவர்களுக்கு 23 மடங்கு. இது லாரி ஓட்டுகிறவர்களை வைத்துக் கண்ட கணக்கு, எல்லா வண்டிக்கும் இதே எண்ணைச் சொல்லக் கூடாது. போன் பயன்படுத்தும் ஓட்டுநர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் பொதுவாகச் சொல்கிறது. நான்கு போதாதா நமக்கு?

4.6 விநாடியை மீட்டரில் சொல்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி அதற்குள் 77 மீட்டர் ஓடிவிடும். 90-இல் 115 மீட்டர். அத்தனை தூரமும் வண்டியில் ஓட்டுநர் என்று யாரும் இல்லை. அவர் இருக்கையில் ஓர் உடல் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் மாணவர்கள் உடனே கேட்பார்கள்: "சார், நான் பார்க்காமலே டைப் பண்ணுவேன். வாயால சொன்னா அதுவே அடிச்சுக்கும். அப்பவும் தப்பா?" நல்ல கேள்வி, கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கை ஸ்டியரிங்கில் இருக்கலாம், கண் சாலையில் இருக்கலாம். மனம் எங்கே இருக்கிறது? யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் பேராசிரியர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்திருக்கிறார். போன் பேச்சில் மூழ்கியவர், கண்ணுக்கு நேரே இருந்த பொருளைப் பார்த்திருப்பார், ஆனால் அது அவர் மனதில் பதிந்திருக்காது. அடி பட்டபின் எத்தனை பேர் "எங்கிருந்து வந்தான்னே தெரியலை" என்கிறார்கள்! அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் பார்த்தது, மனம் வாங்கவில்லை.

2015-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக அவர் குழு செய்த ஆய்வில் இன்னொன்றும் வெளிவந்தது. வண்டியிலோ போனிலோ உள்ள கருவிக்குக் குரலால் கட்டளை கொடுத்து முடித்த பிறகும், சில கருவிகளில் 27 விநாடி வரை கவனம் முழுசாகத் திரும்பவில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 விநாடி என்றால் 300 மீட்டர். சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும்தான் பார்க்கிறேன் என்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பச்சை விழுகிறது, போனைக் கீழே வைக்கிறீர்கள், வண்டி நகர்கிறது. மனம் இன்னும் மெசேஜில்தான் இருக்கிறது. நீங்கள் கடக்கப்போவது நாலு பக்கமும் ஆள் நடக்கிற ஒரு சந்திப்பை.

இரண்டு சக்கர வண்டியில் இதன் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கையை எடுத்தாலே சமநிலை பாதி போய்விடும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். வண்டி ஓட்டும்போது மெசேஜ் அடிப்பதைத் தனியாகத் தடை செய்த முதல் அமெரிக்க மாநிலம் வாஷிங்டன், 2007-இல். பிரிட்டனில் கையில் போன் பிடித்து ஓட்டுவதை 2003-லேயே தடுத்தார்கள். இந்தியாவில் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, கையில் பிடித்த போனைப் பயன்படுத்தி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே வரையறுத்து, சிறைத் தண்டனைக்கும் இடம் வைத்திருக்கிறது. ஆக, சட்டம் இருக்கிறது. பிறகு ஏன் ஒவ்வொரு சந்திப்பிலும் குனிந்த தலைகள்?

குடித்து ஓட்டுபவனைப் பிடிக்க ஊதச் சொல்லும் கருவி உண்டு. வேகமாகப் போகிறவனைப் பிடிக்க ரேடார் உண்டு. மெசேஜ் அடித்தவன் காவலரைக் கண்டதும் போனை மடியில் போட்டுவிட்டால் தீர்ந்தது. 2010-இல் அமெரிக்காவில் நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் நான்கு மாநிலங்களின் காப்பீட்டுக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தது. தடை வந்த பிறகும் மோதல்கள் குறையவில்லை, மூன்று மாநிலங்களில் சற்றே கூடவும் செய்திருந்தன. காவலர் கண்ணில் படாமலிருக்க ஓட்டுநர்கள் போனை இன்னும் கீழே இறக்கிப் பிடிக்கிறார்களோ, அதனால் கண் சாலையை விட்டு இன்னும் தூரம் போகிறதோ என்று ஆய்வாளர்கள் ஐயப்பட்டார்கள். ஏட்டில் மட்டும் இருக்கிற சட்டம் வெறுமனே பயன்படாமல் போவதோடு நிற்காது, கெடுதலும் செய்யலாம். சட்டமே வீண் என்று இதை வைத்து வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை, காரணம் இருக்கிறது.

அதே 2010-இல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் என்ற இரண்டு நகரங்களில் வேறொன்று செய்து பார்த்தார்கள். அறிவித்துவிட்டு, ஊரறியப் பிடித்தார்கள். ஹார்ட்ஃபோர்டில் ஒரு காவலர் ஓரமாக நின்று கவனித்துச் சொல்வார், கொஞ்சம் தள்ளி நிற்கும் இன்னொருவர் வண்டியை மடக்குவார். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஓராண்டு, நான்கு கட்டம். ஓட்டும்போது கையில் போன் பிடிப்பது ஹார்ட்ஃபோர்டில் 57 சதவீதமும், சிரக்யூஸில் 32 சதவீதமும் குறைந்தது. அந்த மாநிலங்களில் தடை ஏற்கெனவே இருந்ததுதான். மாட்டினால் எவ்வளவு அபராதம் என்பதைவிட, நிச்சயம் மாட்டுவோம் என்ற எண்ணம்தான் கையைத் தடுக்கிறது. பயிற்சியிலும் நான் காண்பது அதுதான். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்ற நினைப்பே பாதிப் பிரேக்கை மிதித்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதைக் கேமராவிடம் கொடுத்தது. சாலைக்கு மேலிருந்து வண்டிக்குள் படம் எடுத்து, போன் கையில் இருப்பதுபோல் தெரிந்தால் கணினி அதைத் தனியே பிரிக்கும், மனிதர் ஒருவர் பார்த்து உறுதி செய்வார். 2019-இல் நடந்த சோதனை ஓட்டத்தில் 85 லட்சம் வண்டிகளைப் பார்த்ததில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் சிக்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பினார்கள், பிறகுதான் அபராதம். என் வண்டிக்குள் எட்டிப் பார்க்க அரசுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எந்தப் படத்தை வைத்திருக்கலாம், எதை உடனே அழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதிவிட்டால் நான் கேமராவின் பக்கம்தான்.

சட்டத்தின் சொற்களும் முக்கியம். பிரிட்டனின் பழைய விதி, போனைத் தகவல் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்துவதைத்தான் தடுத்தது. ஓட்டிக்கொண்டே போனில் வீடியோ எடுத்த ஒருவரின் வழக்கில், அது இந்த விதிக்குள் வராது என்று 2019-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது, எழுதியிருந்தது அப்படி. 2022 மார்ச் 25 முதல் ஓட்டையை அடைத்தார்கள். படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது, விளையாடுவது, கையில் பிடித்து எதைச் செய்தாலும் குற்றம். அங்கே எனக்குப் பிடித்த இன்னொரு ஏற்பாடு உண்டு. இதற்கு 200 பவுண்டு அபராதத்தோடு உரிமத்தில் ஆறு தண்டனைப் புள்ளி ஏறும். உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவருக்கு ஆறு புள்ளி சேர்ந்தால் உரிமமே ரத்து. இளைஞர்களுக்கு அபராதத்தை அப்பா கட்டிவிடுவார். உரிமம் போனால் யாரும் கட்ட முடியாது.

இவ்வளவும் ஓட்டுகிறவரைப் பற்றி. ஆனால் ஒரு மெசேஜுக்கு இரண்டு முனை உண்டு. இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, என் தம்பி பைக்கில் வந்துகொண்டிருந்தான். அவன் வர நேரமாகிறது என்று நான் "எங்கே இருக்கே?" என்று அனுப்பினேன். பதில் வரவில்லை. "கிளம்பிட்டியா இல்லையா?" என்று இன்னொன்று. மூன்றாவதாக வெறும் கேள்விக்குறி. அதற்குப் பதில் வந்தது: "வந்துட்டே இருக்கேன் அண்ணா." அதை அடித்துவிட்டு நிமிர்வதற்குள், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் போய் மோதியிருக்கிறான். உயிர் பிழைத்தான். வலது காலில் இன்று வரை கம்பி இருக்கிறது. அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் நான், அவன் வண்டியில்தான் இருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன்.

2013-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பற்றியே ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பெறுகிறவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், உடனே எடுத்துப் பார்க்கவும் செய்வார் என்று தெரிந்தே மெசேஜ் அனுப்பியவர், அதனால் விளையும் விபத்துக்குப் பொறுப்பாகலாம் என்றது. அந்த வழக்கில் அனுப்பியவருக்கு அது தெரியும் என்பதற்குச் சான்று இல்லாததால் அவரை விடுவித்தது. தீர்ப்பை முதல் முறை படித்தபோது எனக்குத் தம்பியின் கால்தான் நினைவுக்கு வந்தது. எனக்கு எதிராகச் சான்று இருந்தது, என் போனிலேயே.

இங்கே முதலாளிகளும் அமர்ந்திருக்கிறீர்கள், உங்களிடமும் கேட்கிறேன். வண்டி ஓட்டுகிற ஊழியர் போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதவர் உங்களில் எத்தனை பேர்? அமெரிக்க அரசு 2009-இல் தன் ஊழியர்கள் பணியில் ஓட்டும்போது மெசேஜ் அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்குப் பெரிய சட்டமன்றம் வேண்டாம், ஒரு நிறுவனமே நாளை காலை போட்டுவிடலாம். பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளைகளின் போனில், அடுத்த ஆர்டரை ஓட்டத்தின் நடுவிலேயே ஏற்கச் சொல்லி மணி அடிக்கிறது. ஏற்காவிட்டால் வேலை குறையும். பிடிபட்டால் அபராதம் கட்டுவது அந்தப் பையன். மணியடித்த நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை. வண்டி நின்றால் மட்டும் ஆர்டர் வருமாறு அமைப்பது கணினி நிரல் எழுதுகிறவர்களுக்குப் பெரிய வேலையா? அதைச் சட்டமாகவே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சாட்ஸ்வொர்த் விபத்துக்குப் பின் என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். சில வாரங்களுக்குள்ளேயே ரயில் ஓட்டுகிறவர்கள் பணியில் சொந்த போனைப் பயன்படுத்தத் தடை வந்தது. அத்தோடு விடவில்லை. ஓட்டுநர் சிவப்பைத் தாண்டப் போனால் ரயிலைத் தானே நிறுத்துகிற கருவியைப் பொருத்த வேண்டும் என்று அடுத்த மாதமே சட்டம் செய்தார்கள். பொருத்தி முடிக்க 2020 ஆனது, ஆனாலும் முடித்தார்கள். ரயிலுக்கு அந்த இன்னொரு பிரேக் கிடைத்துவிட்டது.

நம் போன்களிலும் அதில் ஒரு துளி இருக்கிறது. வண்டி ஓட்டும்போது தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பு ஐபோனில் 2017-இலிருந்து உண்டு, மற்ற பல போன்களிலும் உண்டு. வண்டி நகர்ந்தால் மெசேஜ் சத்தம் அடங்கிவிடும், ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று அனுப்பியவருக்குப் பதில் போகும்படியும் வைத்துக்கொள்ளலாம். தெரியாதவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் கேளுங்கள், இரண்டு நிமிட வேலை.

எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் மிச்சமிருக்கிறது. இப்போதே முடித்துக்கொள்கிறேன். வெளியே உங்கள் வண்டிகள் நிற்கின்றன, வீட்டில் "கூட்டம் முடிந்ததா?" என்று காத்திருப்பார்கள். சொல்ல வேண்டியதை இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அனுப்பிவிடுங்கள். இனி வீடு சேரும்வரை பதில் வராது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவசரமில்லை, எல்லோரும் அனுப்பி முடிக்கும்வரை அரங்கைத் திறந்து வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.