பட்டிமன்ற உரை: ராப் பாட்டுக்கு உயிர் வரிகளே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைத்த பூரிப்போடு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ராப் பாட்டுக்கு உயிர் தாளமா, வரிகளா என்பது கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் தாளம்தான் என்றார். சொன்னதோடு விடாமல் மேஜையில் தட்டியும் காட்டினார். நன்றாகத்தான் தட்டினார், நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் ஐயா, மேஜையில் தட்டினால் அது ராப்பா?

அவர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ராப் பிறந்தது கொண்டாட்டத்தில்தான். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, டிஜே கூல் ஹெர்க் ஒரு அடுக்குமாடியின் பொது அறையில் பார்ட்டிக்கு இசைத்தட்டு சுழற்றினார். ராப்பை உள்ளடக்கிய ஹிப்ஹாப் கலையின் பிறந்தநாள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆடத்தான் கூடினார்கள். சரி. அப்புறம் என்ன ஆனது? 1982-ல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் ‘தி மெசேஜ்’ வந்தது. உடைந்த கண்ணாடி, எலி, கடன்காரன் என்று அந்தத் தெருவின் வாழ்க்கை அப்படியே பாட்டுக்குள் ஏறியது. குழந்தை பிறந்தபோது அழுதது, வளர்ந்ததும் பேசியது. அழுகைதான் அதன் அடையாளம் என்று எதிரணி இன்னும் தொட்டிலையே ஆட்டிக்கொண்டிருக்கிறது.

அவருடைய அடுத்த அம்பு பலமானது. பத்துமலையில் திருப்புகழ் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்குப் பொருள் தெரியும், சந்தம்தானே உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது என்று கேட்டார். நான் கொஞ்சம் ஆடிப்போனேன், பொய் சொல்லவில்லை. ‘முத்தைத்தரு’ எடுத்துக்கொள்வோம். அதில் ‘குக்குக்குகு குக்குக் குகுகுகு’ என்று வருகிறதே, அது வெறும் ஓசை என்று நினைத்துத்தான் நானும் சிறுவயதில் பாடினேன். அது போர்க்களத்தில் கிழட்டுக் கோட்டான்கள் போடும் சத்தம். ‘குத்திப் புதை, புக்குப் பிடி’ என்று அவை கத்துகின்றன. அதே பாட்டில் இராவணன் தலை உருள்கிறது, மலையை மத்தாக்கிக் கடல் கடைகிறார்கள், பட்டப்பகல் இரவாகிறது, அர்ஜுனன் தேர் ஓடுகிறது. எல்லாம் சில அடிகளுக்குள். நமக்குப் பொருள் தெரியாதது நம் சோம்பேறித்தனம் ஐயா, அருணகிரிநாதர் அர்த்தம் இல்லாமல் ஒரு ‘கு’ கூடப் போடவில்லை.

எதுகை, மோனை, இயைபு என்று பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்தோமே, ராப் பாடும் பையன்கள் அதைத்தான் ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2006-ல் யோகி பி, நட்சத்திரா குழுவோடு ‘வல்லவன்’ ஆல்பத்தை நம் ஊரிலிருந்து கொண்டுவந்தபோது, ‘தமிழுக்கு இது தேவையா’ என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

வெட்கப்பட வைத்தவன் என் அக்கா மகன். செந்தூலில் அடுக்குமாடி வீடு. தனி ஸ்டூடியோ ஏது? துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே மைக்கை நுழைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்கப் பாடுவான். முதலில் எழுதியது இது: ‘நான்தான் மாஸ், மோதுனா லாஸ்’. தாளம், அதாவது பீட், பிரமாதம். கேட்டேன், தலையாட்டினேன், கையிலிருந்த தே தாரேக், அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், ஆறுவதற்குள் மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டான். அதே பீட், ஒரு தட்டு கூட மாற்றவில்லை.

‘பாட்டி நெத்தியில தழும்பு, விளக்கு கட்டுன எடம்;
கேட்டா சிரிக்கும், அதுதான் நான் படிச்ச மொதப் பாடம்.’

அந்தப் பாட்டி என் அம்மா. விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். ஐம்பது வருடமாக அந்தத் தழும்பைப் பார்க்கிறேன், ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இவன் கேட்டிருக்கிறான். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். ‘என்னாடா இவ்ளோ வேகமா பாடுற’ என்றவர், ‘விளக்கு’ என்ற இடம் வந்ததும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். நடுவர் ஐயா, அந்தக் கையைத் தூக்க வைத்தது பீட்டா?

கணக்காகவும் பாருங்கள். ராப்பில் ஒரு வெர்ஸுக்கு, அதாவது பாட்டின் ஒரு பகுதிக்கு, பதினாறு பார் என்பது வழக்கம்; ஒரு பார் என்றால் நான்கு தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு என்றால் அது சுமார் 43 விநாடி. பாருக்கு ஐந்து சொல் வைத்தாலும் எண்பது சொல். மெல்லிசையில் ‘கண்ணே’ என்பதை ஆலாபனை செய்தே அரை நிமிடம் ஓட்டலாம். ராப்பில் இழுக்க மெட்டு இல்லை. சொல் காலியாக இருந்தால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

கொரியப் பாட்டைப் பொருள் தெரியாமல் பிள்ளைகள் ரசிக்கவில்லையா என்றும் கேட்டார். ரசிக்கிறார்கள். என் மகளும்தான். ஆனால் பாட்டு பிடித்த மறுநிமிடம் மொழிபெயர்ப்பைத் தேடுகிறாளே, எதற்கு?

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அர்த்தம் என்றால் அறிவுரை என்று நான் சொல்லவில்லை. ‘தம்பி போதை வேண்டாம், தங்கையே நன்றாகப் படி’ என்று ஒரு விழாவில் ராப் கேட்டேன். கருத்து நல்ல கருத்து, பாட்டு கொட்டாவி. கிண்டலுக்கும் அர்த்தம் உண்டு, கோபத்துக்கும் உண்டு. ராப் பாடகர் அறிவு 2021-ல் ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் பாடியது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி தலைமுறையின் கதை. அதில் எங்கே உபதேசம்? உலகமே ஆடியது. 2018-ல் அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லாமருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். அதுவரை கிளாசிக்கலும் ஜாஸும் மட்டுமே வாங்கிய பரிசு. டிரம் சத்தத்துக்காகவா கொடுத்திருப்பார்கள்?

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மறுமொழிக்கு வரும்போது ஒரு சொல் கூட இல்லாமல் ஒரு ராப் பாடிக் காட்டுங்கள். வாயாலேயே டிரம் வாசிப்பேன் என்று கிளம்பாதீர்கள், அதற்கு பீட்பாக்ஸ் என்று தனியாகவே பெயர் இருக்கிறது. மைக்கை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.