யானையைத் தூக்காத யானைப் பறவை

[திரையில்: இருட்டு. ராகிக் கொல்லை. தூரத்துல ஒரு வெடிச் சத்தம், நாய் குரைப்பு.]

இது தேன்கனிக்கோட்டை பக்கம், எங்க சித்தப்பா கொல்லை. ஐப்பசி, கார்த்திகை ஆச்சுன்னா பன்னார்கட்டா காட்டுல இருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியா இறங்கிடும். ராகி கதிர் பிடிக்கிற நேரமும் அதுதான். ராத்திரி முழுக்கப் பரண்ல காவல்.

சின்ன வயசுல நான் தூங்கி விழாம இருக்க எங்க ஆயா அண்டரண்டா பட்சி கதை சொல்லுவாங்க. ஏழு கடல் தாண்டி இருக்குமாம். றெக்கையை விரிச்சா பகல்லயே இருட்டிடுமாம். கோழிக்குஞ்சைப் பருந்து தூக்குற மாதிரி யானையைத் தூக்கிட்டுப் போயிடுமாம். "அது ஒரு தடவை இந்தப் பக்கம் வந்துட்டுப் போச்சுன்னா நம்ம ராகி பொழைக்கும்"னு சொல்லித்தான் ஆயா கதையை முடிப்பாங்க.

இன்னிக்கு வீடியோ அந்தப் பட்சியைப் பத்தி. சரியா சொன்னா, அந்த மாதிரிக் கதைகளுக்குப் பின்னாடி நின்னிருக்கலாம்னு சந்தேகப்படுற ஒரு நிஜப் பறவையைப் பத்தி.

[திரையில்: திண்ணை. முட்டை அட்டைகள் ஒண்ணு மேல ஒண்ணா.]

முதல்ல முட்டை. இந்த அட்டை ஒண்ணுல 30 முட்டை. பாலக்கோட்டுல இருந்து 5 அட்டை வாங்கிட்டு வந்து அடுக்கியிருக்கேன். மொத்தம் 150. இது எல்லாத்தையும் உடைச்சு ஊத்தினா எவ்வளவு வருமோ, கிட்டத்தட்ட அவ்வளவு ஒரே முட்டைக்குள்ள இருந்துச்சு. நீளம் ஒரு அடி. பெரிய முட்டைன்னா 10 லிட்டர் வரைக்கும் பிடிக்கும். மடகாஸ்கர்ல பழைய ஓடு கிடைச்சா சுரைக்குடுக்கை மாதிரி தண்ணி மொண்டு வைக்கப் பயன்படுத்தியிருக்காங்க.

அந்த முட்டையை இட்ட பறவைக்குத் தமிழ்ல யானைப் பறவைன்னு பேர். அறிவியல் பேர் ஏபியோர்னிஸ். மடகாஸ்கர் தீவுல மட்டும் வாழ்ந்தது. 10 அடி உயரம், அரை டன்னுக்கும் மேல எடை. பக்கத்துத் தீவு மொரிஷியஸ்ல இருந்த டோடோவை எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்டு அரசுச் சின்னத்துல டோடோ இருக்கு, ரூபாய் நோட்டுல நம்ம தமிழ் எழுத்து இருக்கு. யானைப் பறவைக்கு அந்த அளவு பேர் இல்ல. அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

[திரையில்: பாய்மரக் கப்பல், பெரிய நிழல்.]

கதைகளுக்கு வருவோம். ஆயிரத்தொரு இரவுகள் கதையில சிந்துபாத் ஒரு தீவுல வெள்ளையா ஒரு கோபுரம் மாதிரி பார்க்கிறான். சுத்திச் சுத்தி வந்தாலும் வாசல் இல்ல. வானம் இருட்டினப்பதான் அது ருக் பறவையோட முட்டைன்னு புரியுது. தலைப்பாகையை அவுத்து அது கால்ல தன்னைக் கட்டிக்கிட்டுத் தப்பிக்கிறான்.

மார்க்கோ போலோவும் ருக் பத்தி எழுதியிருக்கார். யானையைத் தூக்கிக் கீழ போட்டுக் கொன்னு தின்னும்னு, மடகாஸ்கர் பத்தி எழுதுற இடத்துல. சீனப் பேரரசருக்கு அதோட இறகைக் கொண்டு போய்க் காட்டினாங்களாம். அது ரஃபியாங்கிற பனை வகையோட ஓலையா இருந்திருக்கும்னு பின்னாடி வந்தவங்க கருத்து. அந்த ஓலையைப் பார்த்தா நம்புவீங்க, ஒரு வீட்டை விட நீளம்.

ஆக, ஆயா கதையிலயும் யானை, மார்க்கோ போலோ எழுதினதுலயும் யானை. ஆனா மடகாஸ்கர்ல யானையே கிடையாது! அந்தப் பறவைக்கும் பறக்கத் தெரியாது. நெருப்புக்கோழி மாதிரி தரையில நடந்ததுதான். பழம், இலை தின்னு பொழைச்சது.

[திரையில்: மண்டை ஓட்டு ஸ்கேன் படம்.]

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். 2014ல பழைய எலும்புல இருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தாங்க. இதுக்கு நெருங்கின சொந்தம் நெருப்புக்கோழி இல்ல. நியூசிலாந்துல கோழி சைஸுல இருக்கிற கிவி! 2018ல மண்டை ஓட்டை ஸ்கேன் பண்ணினப்ப இன்னொண்ணு. மூளையில பார்வையைக் கவனிக்கிற பகுதி இருக்கிறதே தெரியல, அவ்வளவு சின்னது. கிவிக்கும் அப்படித்தான். அதனால இது ராத்திரியில மோப்பம் பிடிச்சு மேய்ஞ்ச, கண்ணு சரியா தெரியாத பறவைன்னு அந்த ஆய்வாளர்கள் சொல்றாங்க.

எந்தக் கதைக்காரரும் இதை யோசிக்கல. றெக்கை கொடுத்தாங்க, நகம் கொடுத்தாங்க, மலை மேல கூடு கட்டிக் கொடுத்தாங்க. இருட்டுல தடவித் தடவிப் பழம் பொறுக்கிற 10 அடிப் பறவை யார் மனசுலயும் வரல.

அந்தப் பறவையைத் தரையில இறக்கி வெச்சவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 1894ல 'ஏபியோர்னிஸ் தீவு'ன்னு ஒரு சிறுகதை. மடகாஸ்கர் சதுப்புல கெடாம கிடந்த முட்டைகளைத் தோண்டி எடுத்த ஒருத்தன், படகோட கடல்ல மாட்டிக்கிறான். பசிக்கு முட்டையை உடைச்சுத் தின்கிறான். மிச்சம் இருந்த ஒண்ணு பொரிஞ்சுடுது. ஆள் இல்லாத தீவுல குஞ்சும் அவனும் மட்டும். ரெண்டு வருஷம் மீன் பிடிச்சுப் போட்டு வளர்க்கிறான். 14 அடிக்கு வளர்ந்த பிறகு மீன் குறையுது, பறவைக்குக் கோபம் வருது, அவனையே துரத்துது. கடைசியில பவழக்கல்லைக் கயித்துல கட்டிச் சுழட்டி எறிஞ்சு, காலைச் சிக்க வெச்சு, கழுத்தை அறுக்கிறான். அப்புறம் உக்காந்து அழாத குறை.

சேவல் வளர்த்தவங்களுக்கு இந்தக் கதை உடனே புரியும். கையில தீனி வாங்கித் தின்ன அதே சேவல் ஒரு நாள் முழங்காலைக் கொத்தும்.

அந்தக் கதையில ஒரு கிண்டல் இருக்கு. ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிய எலும்பு கிடைக்கும்போது, 'மாக்ஸிமஸ்', 'டைட்டன்', 'வாஸ்டிஸிமஸ்'னு பேர் ஏறிக்கிட்டே போகுது. இதுல மாக்ஸிமஸும் டைட்டனும் கற்பனை இல்ல. டைட்டன், அதே 1894ல ஒரு விலங்கியலாளர் நிஜமாவே வெச்ச பேர். 2018ல அதையே எடுத்து 'வொரோம்பே டைட்டன்'னு தனி இனமாக்கி, உலகத்துலயே பெரிய பறவைன்னு அறிவிச்சாங்க. 2023ல முட்டை ஓட்டு டிஎன்ஏவைப் பார்த்தவங்க, தனி இனம் எல்லாம் இல்ல, அது மாக்ஸிமஸோட பெட்டையா இருக்கலாம்னுட்டாங்க. வெல்ஸ் இருந்திருந்தா சிரிச்சிருப்பார்.

எப்ப அழிஞ்சுது? சுமார் 1,000 வருஷத்துக்கு முன்னாடி. அதாவது இங்க தகடூரை, இப்போதைய தர்மபுரியை, நுளம்பர்கள்ங்கிற அரச வம்சம் ஆண்டதையொட்டின காலம். வேட்டை, முட்டை எடுத்தது, காட்டை எரிச்சது, மழை குறைஞ்சது, எதுக்கு எவ்வளவு பங்குன்னு இன்னும் சண்டை ஓடுது. ஒரு முட்டைக்கு ஒரு குடும்பமே சாப்பிடலாம்னா எத்தனை முட்டை பொரிஞ்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 1658ல ஃப்ளாக்கூர்ங்கிற பிரெஞ்சு அதிகாரி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல ஒரு பெரிய பறவை இருக்கிறதா எழுதி வெச்சார். அது கேள்விப்பட்டதா, பழைய ஞாபகமா, சொல்ல முடியல.

[திரையில்: மணல்மேடு. பாதி புதைஞ்ச முட்டை.]

வெல்ஸ் கதையில முட்டை படகுல போச்சு இல்லையா. நிஜத்துல படகே இல்லாம போயிருக்கு. 1930லயும், அப்புறம் 1992லயும் மேற்கு ஆஸ்திரேலியாக் கரையோர மணல்ல உடையாத யானைப் பறவை முட்டை கிடைச்சுது. ரெண்டாவதைக் கண்டெடுத்தது விளையாடப் போன பசங்க. இந்தியப் பெருங்கடல்ல 6,000 கிலோமீட்டருக்கு மேல தானா மிதந்து வந்திருக்கு. பறக்கத் தெரியாத பறவையோட முட்டை!

[திரையில்: மறுபடி திண்ணை. ஆயா.]

ஷூட்டிங் முடிஞ்சு ஆயாகிட்ட இந்தக் கதை பூரா சொன்னேன். முட்டை அட்டையைத் தெருவுல யார் யாருக்குக் கொடுக்கணும்னு கணக்குப் போட்டுக்கிட்டே கேட்டாங்க.

"பறக்காதா?"

"பறக்காது ஆயா."

"கண்ணும் தெரியாதா?"

"சரியா தெரியாது. ராத்திரியில வாசம் பிடிச்சு வந்து மேயும்."

"அப்ப அதுவும் நம்ம ராகிக்குத்தான் வந்திருக்கும். பரணை இன்னும் ரெண்டு முழம் ஒசத்திக் கட்டணும்."